திரும்பி வருவதற்கான பணம்

ஜம்ஷெட்ஜி டாடா 1892இல் ஒரு கல்வி நிதியை ஏற்படுத்தினார். படிப்பில் சிறந்த இந்தியர்கள் கடல் கடந்து போய் மேற்படிப்புப் படிக்க அது பணம் கொடுத்தது. இன்றும் கொடுத்துவருகிறது. தொடக்ககாலத்தில் அதனால் பயன்பெற்றவர்களில் ஃப்ரெனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்ற இரு பெண் மருத்துவர்கள் உண்டு. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனுக்குப் படிக்கப் போனதும் இந்த நிதியின் துணையோடுதான். டாடா இதைக் கடனாகத் தர ஏற்பாடு செய்தார். போனவர் படித்து முடித்து, சம்பாதித்துக் கட்டும் பணத்தில் அடுத்தவர் போவார். ஒருமுறை போட்ட மூலதனம் தலைமுறை தலைமுறையாகச் சுழலும். 1953இல் தொடங்கிய கே.சி. மஹிந்திரா கல்வி அறக்கட்டளையும் வெளிநாட்டு மேற்படிப்புக்கு வட்டியில்லாக் கடனே தருகிறது. இந்தியக் கொடையாளர்கள் இதுபோன்ற நிதிகளை அமைத்த விதத்தில் ஒரு வணிகரின் நிதானமும் நாட்டுப்பற்றும் சேர்ந்தே இருக்கின்றன. அதை மதிக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. படித்தவர் நல்ல சம்பளத்தில் அமர்ந்துவிடுவார் என்பதுதான் அது. மருத்துவருக்கும் பொறியாளருக்கும் வழக்கறிஞருக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். வடிவமைப்புப் படிக்கப் போகிறவரின் நிலைமை வேறு. கைபேசிச் செயலிகளின் திரைகளை வடிவமைக்கும் வேலைக்குப் போனால் கடனைக் கட்டிவிடலாம். பத்தமடைப் பாய் பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து புதிய பொருள்களை உருவாக்கவோ, பார்வை குறைந்தவர்களுக்கான பேருந்துப் பலகைகளை வடிவமைக்கவோ, தமிழுக்கு ஒரு நல்ல பாடநூல் எழுத்துருவை வரையவோ விரும்புகிறவரால் எளிதில் கட்ட முடியாது. ஆக, கடன் தொகை படிப்புக்கு வழிசெய்யும்போதே படித்தபின் என்ன வேலை செய்யலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. கொடையாளர் இதை விரும்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு அதுதான்.

வெளிநாட்டு வடிவமைப்புப் படிப்புக்கான அறக்கொடைகளைப் பற்றி நம் பேச்சு பெரும்பாலும் ‘யாரை அனுப்புவது, எங்கே அனுப்புவது, எவ்வளவு கொடுப்பது’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. போனவர் எந்த இடத்துக்குத் திரும்பி வருவார் என்ற கேள்வியை அநேகமாக யாரும் விண்ணப்பப் படிவத்துக்கு வெளியே எழுப்புவதில்லை. இந்தத் துறையில் நன்றாகப் பலித்த கொடைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்தவை.

இந்திய வடிவமைப்புக் கல்வியின் பிறப்பே இதற்கு முதல் சான்று. இந்திய அரசின் அழைப்பில், ஃபோர்டு அறக்கட்டளையின் செலவில், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. கௌதம் சாராபாய், கிரா சாராபாய் என்ற உடன்பிறப்புகள் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல வளர்த்தார்கள். சொந்தக் கட்டடம் எழும்புவதற்குள் ல கொர்பூசியே கட்டிய நகர அருங்காட்சியகத்திலேயே பட்டறைகள் நடந்தன. ஃபோர்டு பணம் இங்கே எப்படிச் செலவானது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதலில் இளைஞர்களை வேலைக்கு எடுத்தார்கள். பிறகு வெளியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்து அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மரவேலையில் ஜார்ஜ் நகாஷிமா, சுவரொட்டிக் கலையில் ஆர்மின் ஹோஃப்மன், எழுத்துரு வடிவமைப்பில் அட்ரியன் ஃப்ரூடிகர் எனப் பலர் அகமதாபாத்துக்கு வந்தார்கள். அதற்கடுத்து, தேறிய இளைஞர்களை அந்த வல்லுநர்களின் பட்டறைகளுக்கே அனுப்பினார்கள். போகிறவருக்குத் தான் எந்த மேசைக்குத் திரும்பப் போகிறோம் என்பது தெரியும். யாருக்குப் பாடம் எடுக்கப் போகிறோம் என்பதும் தெரியும்.

மகேந்திர படேலின் வாழ்க்கையில் இந்த ஏற்பாட்டின் முழுப் பயனையும் பார்க்கலாம். அவர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹோஃப்மனின் பள்ளியிலும் பாரிஸில் ஃப்ரூடிகரிடமும் பயிற்சி பெற்றார். ஃப்ரூடிகர் ரோமன் எழுத்தில் உலகமே மெச்சும் மேதை. தேவநாகரியை அவர் தொட்டபோது அந்த எழுத்தோடு வளர்ந்த ஒருவர் அவருக்கு அருகில் தேவைப்பட்டார். மாணவன் ஆசிரியருக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு அப்படி அமைந்தது. படேல் அகமதாபாத் திரும்பிப் பல பத்தாண்டுகள் எழுத்தியல் கற்பித்தார். இன்று இந்திய மொழிகளில் எழுத்துரு வரைகிறவர்களில் பலர் அவரிடமோ அவருடைய மாணவர்களிடமோ படித்தவர்கள். 2010இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரம் அவருக்குக் குடென்பெர்க் பரிசை வழங்கியது. ஓர் இளைஞரின் ஐரோப்பியப் பயிற்சிக்குச் செலவழித்த பணம் அரை நூற்றாண்டுக்கு இப்படி வேலைசெய்திருக்கிறது.

  

ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்த வடிவமைப்புப் பள்ளி இன்னொரு வகை. நாஜிகள் 1943இல் கொன்ற ஹன்ஸ், சோஃபி ஷோல் என்ற அண்ணன் தங்கையின் நினைவாக, அவர்களின் அக்கா இங்கே ஷோல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். வடிவமைப்பாளர்களான ஓட்ல் ஐஹரும் மாக்ஸ் பில்லும் அவரோடு சேர்ந்தார்கள். ஜெர்மனிக்கான அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்ளாய் வழியாகப் பத்து லட்சம் மார்க் வந்தது. 1953இல் வகுப்புகள் தொடங்கின. அப்பள்ளி 1968இல் மூடப்பட்டுவிட்டது. பதினைந்தே ஆண்டுகள் இயங்கிய அந்த இடத்தில் மாணவர்களில் கணிசமானோர் வெளிநாட்டவர்கள். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்த சுதாகர் நாட்கர்ணி 1960களில் அங்கே பயின்று திரும்பினார். 1969இல் ஐ.ஐ.டி. பம்பாயில் தொழில் வடிவமைப்பு மையம் உருவானதில் அவருடைய பங்கு முதன்மையானது. பிற்காலத்தில் ஐ.ஐ.டி. குவாஹாட்டியில் வடிவமைப்புத் துறையை எழுப்பியதிலும் அவர் முன்னின்றார். உல்ம் மூடியபோது ஐரோப்பா இழந்த ஒரு கற்பித்தல் முறை ஐ.ஐ.டி. பம்பாய் இருக்கும் பவாயில், வேறு மண்ணில், வேர்விட்டது. கொடை, அனுப்புகிற பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. வரவேற்கிற பள்ளி கொடையால் நடந்தாலும் இதே வேலை நடக்கும்.

சொல்லப்போனால், பட்டமே இல்லாத கொடைகளும் பலித்திருக்கின்றன. மூன்றாம் ஜான் ராக்ஃபெல்லர் 1963இல் ஏற்படுத்திய நிதி ஆசியக் கலைஞர்களை நியூயார்க்குக்கு அழைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, சாந்திநிகேதனில் கலை பயின்ற கே.ஜி. சுப்ரமணியன் 1966இல் அந்த நிதியில் போனார். அதற்குமுன் கைத்தறி வாரியத்தின் பம்பாய் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தவர் அவர். நியூயார்க்கில் அவரிடம் யாரும் தேர்வு வைக்கவில்லை. பார்க்கவும் செய்து பார்க்கவும் நேரம் கொடுத்தார்கள். அவர் பரோடாவுக்குத் திரும்பினார், தன் ஆசிரியர் பணிக்கே. கைவினைக்கும் கலைக்கும் இடையே சுவர் வேண்டாம் என்று அவர் சொல்லிவந்ததைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது.

மகேந்திர படேல், நாட்கர்ணி, சுப்ரமணியன் ஆகிய மூவரையும் நான் சாதனையாளர்கள் என்பதற்காக எடுக்கவில்லை. மூவருக்கும் திரும்பிப் போக ஒரு பட்டறையோ வகுப்பறையோ இருந்தது, அல்லது அதை எழுப்பும் பொறுப்பு காத்திருந்தது. அதுதான் அவர்களை இணைக்கும் நூல்.

இதைத் தற்செயல் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் பாஸ்டனைப் பார்க்கலாம். பெஞ்சமின் ஸ்மித் ராட்ச் என்பவரின் நினைவாக அவருடைய குடும்பத்தார் 1883இல் ஒரு பயண உதவித்தொகையை நிறுவினார்கள். இளம் கட்டடக் கலைஞர்கள் வெளிநாடு போய்க் கட்டடங்களைப் பார்த்து, அளந்து, வரைந்து வருவதற்கான பணம் அது. தேர்வு ஒரு வடிவமைப்புப் போட்டி மூலம் நடக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் படித்தோ வேலைசெய்தோ இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குறுகிய மனம் என்று தோன்றக்கூடிய அந்த நிபந்தனையில்தான் அதன் பலம் இருந்தது. திரும்பி வருகிறவரைத் தெரிந்த அலுவலகங்களும் மூத்த கலைஞர்களும் அதே ஊரில் இருந்தார்கள். 1889இல் வென்ற ஹென்றி பேக்கன் கிரேக்கக் கோயில்களைக் கண்டு வந்தவர். வாஷிங்டனிலுள்ள லிங்கன் நினைவகத்தின் தூண்களில் அந்தப் பயணம் நிற்கிறது. 1926இல் வென்ற லூயி ஸ்கிட்மோர் பிறகு ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற பெரும் நிறுவனத்தை உருவாக்கினார். 1935இல் வென்ற கார்டன் பன்ஷாஃப்ட் அதே நிறுவனத்தில் சேர்ந்து, நியூயார்க்கின் லீவர் ஹவுஸை வடிவமைத்தார். அந்த நிறுவனம் 1979இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, மாணவர்களுக்குப் பயண உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. டாடா கடன் பத்திரத்தின் வழியாகச் செய்ய நினைத்த சுழற்சி இங்கே கடன் இல்லாமலேயே நடந்திருக்கிறது. நன்றியுணர்வும் தொழில் சமூகமும் இருந்தால் பணம் வேறு பாதையில் திரும்பி வரும்.

இன்றைய இந்திய மாணவருக்கு என்ன இருக்கிறது? இந்தூ சிவதாசானி 1976இல் நிறுவிய இன்லாக்ஸ் அறக்கட்டளை தாராளமானது. ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர் வரை தருகிறது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்குப் போகும் மாணவர்களையும் அது ஆதரிக்கிறது. ஆனால் ஃபேஷன் வடிவமைப்பு அது உதவாத துறைகளின் பட்டியலில் இருக்கிறது. கல்கத்தாவில் ஷா வாலஸ் நிறுவனத்தை நடத்தி 1916இல் இறந்த சார்லஸ் வாலஸின் உயில் சொத்திலிருந்து 1981இல் உருவான அறக்கட்டளை, பிரிட்டனில் கலை, பாரம்பரியப் பாதுகாப்பு போன்ற துறைகளில் இந்தியர்கள் பயிலச் சிறு தொகைகளைக் கொடுத்துவந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து ஃபெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டு, சோயாஸ், ரெடிங் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் இந்தியர்களுக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. ஏற்கெனவே வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது, பணத் தேவை இருப்பதையும் காட்ட வேண்டும். வாசல் ஒருமுறை திறந்தவருக்கே மறுபடி மறுபடி திறக்கும் இந்த உலகில் அந்த ஒரு விதி எனக்குப் பெரிதாகப்படுகிறது.

இவை எல்லாமே அட்மிஷன் கடிதம் கையில் வந்தபின் நடப்பவை. வடிவமைப்பு மாணவரின் செலவு அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. இயற்பியல் மாணவர் மதிப்பெண் பட்டியலையும் பரிந்துரைக் கடிதங்களையும் அனுப்பினால் போதும். வடிவமைப்பு மாணவரோ போர்ட்ஃபோலியோ, அதாவது தன் படைப்புகளின் தொகுப்பு, அனுப்ப வேண்டும். அதில் இருபது பக்கம் என்றால் இருபது பொருள்கள் செய்யப்பட்டிருக்க வேண்டும். மாதிரிகளுக்கு மரம், அக்ரிலிக், துணி, சாயம், லேசர் வெட்டு, முப்பரிமாண அச்சு, அவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுக்கும் கூலி, மென்பொருள் சந்தா, ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறும். இடம் கிடைத்த பிறகு முன்பணம், விசா. பிரிட்டன் மாணவர் விசாவில் மருத்துவக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 776 பவுண்டு. அஞ்சல்துறை ஊழியரின் மகளோ தறி ஓட்டுகிறவரின் மகனோ இந்தப் படிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்பதால் நிராகரிக்கப்பட்டவர்களின் கணக்கிலும் வருவதில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படிக்கிறவர்களில் கை நன்றாகப் பேசும், ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள் பலர். கொடையாளர்களின் தேர்வுக் குழு தேடும் நோக்க அறிக்கையை அவர்களால் எழுத முடிவதில்லை. அவர்கள் வரைந்த கோட்டைப் பார்க்கும் வாய்ப்பு குழுவுக்கு வருவதற்குள் அந்த அறிக்கை வழிமறித்துக்கொள்கிறது. ராட்ச் உதவித்தொகை நூற்றாண்டுக்கு முன்பே தேர்வைப் போட்டியாக வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது.

சரி, போனால் அங்கே உண்மையில் என்ன கிடைக்கிறது? தமிழோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கு ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. லைனோடைப் நிறுவனத்தில் இந்திய எழுத்துகளில் வேலைசெய்த ஃபியோனா ராஸ் அங்கே கற்பித்தவர். ரோமன் அல்லாத எழுத்துகளுக்காக அச்சுத் தொழில் விட்டுச்சென்ற வரைபடங்களும் மாதிரிகளும் அங்கே சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. மாணவர் ஓர் எழுத்தைப் பெரிதாக வரைகிறார், சுருக்கிச் சிறு அளவில் அச்சிட்டுப் பார்க்கிறார். ‘ஞ’வின் உட்சுழி மையால் அடைபட்டுப் போகிறது. சுழியை விரித்தால் எழுத்து அகன்று வரியில் இடம் தின்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, செய்தித்தாளின் பத்தியோ குறுகியது. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் இடையே கண் ஒரு நொடியில் வேறுபாடு காண வேண்டும். உகர வரிசையில் ‘கு’, ‘டு’, ‘மு’, ‘சு’ ஒவ்வொன்றிலும் குறி வேறுவிதமாக ஒட்டுகிறது, எனவே ஒவ்வொன்றையும் தனியே தீர்க்க வேண்டும். பழைய ஈய எழுத்துகளில் இதே சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று காப்பகத்தில் எடுத்துப் பார்க்கலாம், மறுபடி வரையலாம், மறுபடி அச்சிடலாம். ஓராண்டு முழுக்க இதைச் செய்வதற்கு ஓர் இடமும் திருத்துவதற்கு ஓர் ஆசிரியரும் வேண்டும். பிரேசிலைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ மெல்லோ அங்கே படித்தபோது உருவாக்கிய ஃப்ரீடா எழுத்துருக் குடும்பத்தில் ரோமனோடு தமிழும் உண்டு. தமிழ் பேசாத ஒருவர் நம் எழுத்துக்கு இவ்வளவு உழைத்தது மகிழ்ச்சிதான். அதே மேசையில் திருநெல்வேலிப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்தால் என்னென்ன கேட்பார், எதை மறுப்பார் என்று எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை.

படித்துவிட்டு அவர் ஊர் திரும்பினால் என்ன வேலை? தமிழ் எழுத்துரு வரைவதற்கென்று சம்பளம் தரும் இடங்கள் இங்கே மிகக் குறைவு. லண்டனிலோ பெர்லினிலோ உள்ள எழுத்துரு நிறுவனம் ஒன்றில் சேர்வது அவருக்கு நியாயமான முடிவாகவே இருக்கும், அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சில உதவித்தொகைகள் நாடு திரும்புவேன் என்று உறுதிமொழி வாங்குகின்றன. ஒரு கையெழுத்தால் மனிதரைத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் அவர் கற்ற வேலையைச் செய்யவைக்க முடியாது. அதற்குப் பட்டறையும் சம்பளமும் மாணவர்களும் வேண்டும். அகமதாபாத்தில் ஃபோர்டு பணம் இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் செலவானது.

தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வட அமெரிக்காவிலும் தமிழுக்கென்று பணம் திரட்டும் நல்ல மனங்கள் உண்டு. பல்கலைக்கழக இருக்கைகளுக்குத் தமிழர்கள் கோடிக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் முன் ஒரு கணக்கை வைக்கிறேன். ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் ஓராண்டு முதுகலைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டும் கட்டணம் 30,000 பவுண்டைத் தாண்டும். லண்டனில் ஒன்பது மாதம் வாழ்வதற்குக் கையில் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை 13,000 பவுண்டுக்கு மேல். சேர்த்தால் ஏறக்குறைய 49,000 யூரோ. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. உல்ம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. வாழ்க்கைச் செலவுக்காக, விசாவுக்கென வங்கியின் முடக்கக் கணக்கில் காட்ட வேண்டியது ஆண்டுக்கு 11,904 யூரோ. ஈராண்டுப் படிப்பு 30,000 யூரோவுக்குள் முடியும். ஜெர்மன் மொழி கற்க வேண்டும் என்பது உண்மைதான். அதற்கு ஓராண்டு ஒதுக்கிச் சென்னையிலேயே படிக்கவைக்கலாம், ஆங்கிலத்தில் தயங்குகிற மாணவருக்கு அது பெரிய பாதகமும் இல்லை, எல்லோரும் அந்த மொழியில் முதல் பாடத்திலிருந்துதானே தொடங்குகிறார்கள்.

மிச்சம் 19,000 யூரோ. திரும்பி வருகிறவருக்குச் சென்னைக் கவின் கலைக் கல்லூரியிலோ காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிலோ ஈராண்டுகளுக்கு மாதம் 70,000 ரூபாய் சம்பளம் தர அது போதும். அந்தப் பதவியைப் புறப்படும் முன்பே, உதவித்தொகைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.